சில்வர் பெயிண்ட் அடித்த முன்சக்கரங்கள்

ஆயுதபூஜை முடிந்த வாரம் எங்கள் பழைய பிக்கப்பின் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. அதே வாரத்தில்தான் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, லைசென்ஸ் எடுத்தும் ஓட்டாமல் இருந்த நான் வண்டியை ஓட்டத் தொடங்கினேன். என் அண்ணனுக்கு இது போதாதா? இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

“பொம்பள கை பட்டதுமே வண்டி ஒதறுது பாரு அம்மிணி. பேசாம வித்துப்போடலாம்.”

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு பெண் பிக்கப் ஓட்டினால், சைக்கிளில் போகிறவர்கூட இறங்கி நின்று பார்ப்பார். பார்த்தால் பார்க்கட்டும் என்று ஹாரனை அழுத்திக்கொண்டு போவேன். கொள்ளேகால் தாண்டி ராமாபுரத்திலிருந்து தக்காளி ஏற்றி வந்து மைசூர் மார்க்கெட்டில் இறக்குவது எங்கள் தொழில். வண்டியை நானும் அண்ணனும் சேர்ந்துதான் வாங்கியிருந்தோம். அது போனால் அவருக்கு மார்க்கெட்டில் கடை இருக்கிறது. எனக்கு இருந்தது ஊதுபத்தி உருட்டுகிற பலகை. வருஷக்கணக்காக அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் ஏறிய கரி போகாது, தின்கிற சோற்றிலும் அந்த வாசனைதான். இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சாமராஜநகரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருகிறார் என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்.

“ஓட்டிப் பார்க்காமலேயா?” என்று கேட்டேன்.

“நோடிதரே கொத்தாகுத்தே அக்கா” என்றார். பார்த்தாலே தெரிகிறதாம்.

ஓட்டுகிறவள் நான். என் கைக்குத் தெரிந்தது வேறு. கொள்ளேகால் பக்கத்துக் குண்டு குழிகளில் ஸ்டியரிங் சாதுவாக இருந்தது. நஞ்சன்கூடு போகும் நல்ல ரோட்டில், ஐம்பதைத் தாண்டியதும் உதறல் வரும். எழுபதை நெருங்கினால் அடங்கிவிடும். பிரேக் போட்டாலும் கூடுவதில்லை. ஏதாவது லூசாக இருந்தால் குண்டு குழியில் அல்லவா தடதடக்க வேண்டும்? ஒரு வேகத்தில் மட்டும் வருகிறதென்றால், சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான் கோளாறு. சக்கரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

சனிக்கிழமை காலை வீட்டு முன்னால் ஜாக்கியை எடுத்தேன். மழை பெய்து மண் இளகியிருந்தது. ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் ஊதுபத்திப் பலகையைப் போட்டேன்.

அண்ணன் பதறிவிட்டார். “ஏம்புள்ள, நாளைக்கு வண்டி போச்சுன்னா அதுதான சோறு போடோணும். ஒடஞ்சு போயிரும்!”

“ஒடஞ்சா ஒடையட்டுங்ணா.”

முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றினேன். கடைசிச் சக்கரத்துக்கு வண்டியைத் தூக்கும்போது பலகை நிஜமாகவே இரண்டாகப் பிளந்தது. அண்ணனை ஏற்றிக்கொண்டு நஞ்சன்கூடு ரோட்டில் விட்டேன். ஐம்பது தாண்டியது. ஸ்டியரிங் அசையவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்திருந்த சீட்டு அதிர்ந்தது.

“இப்ப சீட்டு ஒதறுதே!”

“ஆமாங்ணா. முன்னாடி இருந்த சக்கரம் இப்ப பின்னாடிதான இருக்குது. என்ற கை ஸ்டியரிங்லயேதான் இருக்குது, பாத்துக்குங்க.”

வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். அண்ணன் ஆயுதபூஜைக்கு ரிம்களுக்குச் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட் தீர்ந்துபோனதால் முன்சக்கரங்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். பெயிண்ட் அடிக்காத சக்கரங்களில், ரிம்மின் ஓரத்தில் சின்னச் சின்ன ஈயத்துண்டுகள் இருந்தன. சில்வர் சக்கரங்களில் ஒன்றுகூட இல்லை.

“இதுலயும் ஈயம் இருந்திருக்குமே, எங்கீங்ணா?”

“அதா? அழுக்காட்ட ஒட்டீட்டு இருந்துச்சு. சாமி கும்பிடற வண்டியாச்சேன்னு நெம்பி எடுத்து எறிஞ்சு போட்டேன்.”

சக்கரம் ஒரு பக்கம் கனத்துச் சுற்றாமலிருக்க டயர் கடையில் எடைபார்த்து வைக்கிற ஈயம் அது. அண்ணன் சுத்தம் பார்த்ததற்குக் கெட்ட பெயர் என் கைக்கு. சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே டயர் கடையில் விட்டு, அந்த இரண்டு சக்கரங்களுக்கும் புதிதாக ஈயம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமராஜநகர்க்காரர் வந்தார். அண்ணனை உட்கார வைத்துக்கொண்டு தானே ஓட்டிப் போனார். திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

“வெண்ணையாட்ட போகுதுங்க. ஒரு கொறையுஞ் சொல்ல முடியாது. நான் எடுத்துக்கறேன்.”

கோளாறு தீர்ந்தால் விற்கிற பேச்சு ஓய்ந்துவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். நான் ஓட்டுவதே பிடிக்காத அண்ணனோ, “அப்ப முடிச்சுக்கலாமுங்க” என்று கை கொடுக்கப் போனார். நான் நடுவில் புகுந்து வந்தவரிடம் சாவிக்குக் கையை நீட்டினேன். அவர் யோசிக்காமல் கொடுத்துவிட்டார்.

“நல்ல வண்டின்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. நல்ல வண்டிய யாராச்சும் விப்பாங்களா?”

“அம்மிணி, வந்தவருக்கு முன்னால என்ன பேச்சு இது?”

“வந்தவருக்குக் காப்பி குடுத்து அனுப்புங்ணா. ராமாபுரத்துல தக்காளி பறிச்சு வெச்சிருக்காங்க.”

பிளந்த பலகைத் துண்டுகள் இரண்டையும் வண்டியின் பின்னால் எறிந்தேன். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஆகும். வண்டியை எடுத்தேன்.