ஊர்ப்பேர் எழுத முடியாத கதை

பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டு, தபால்காரர் வருகிறாரா என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்திருக்கிறீர்களா? இந்த வேலையில் எழுதுவது கால்வாசி, நடப்பது முக்கால்வாசி. ஒரே ஒரு கதையை அச்சேற்ற, இடுப்பில் பிள்ளையோடு நான் நடந்த நடையைச் சொல்கிறேன்; புதிதாக எழுத வருகிறவர்களுக்கு உதவும்.

ஒரு பக்கம்

முதல் தடவை கதை திரும்பி வந்தது. "தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதவும்" என்று ஆசிரியர் குறிப்பு. பன்னிரண்டு பக்கக் கதையை ஒரே பக்கத்தில் அடக்கச் சொல்கிறார் என்று நினைத்து, கதாநாயகியின் அண்ணன், கல்யாணம், பாதி ரயில் பயணம் எல்லாவற்றையும் வெட்டினேன். தாளின் பின்புறம் எழுதாதே என்றுதான் அதற்கு அர்த்தம் என்பது பின்னால்தான் தெரிந்தது! உறையை வாங்கிய தபால்காரர் கையில் தூக்கிப் பார்த்தார். "என்ன தாயி, போன மட்டம் பூசணிக்காயா கனத்துது, இப்பம் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரில்லா இருக்கு!"

ஈரம்

அதுவும் திரும்பியது. முழுக்கதையையும் மறுபடி எழுதினேன். சாரல் காலத்தில் ஜன்னலோரம் தாளை வைக்காதீர்கள், நான் வைத்தேன். மை கரைந்து ஓடியது. அடுப்புப் பக்கம் கூடையைக் கவிழ்த்து, பிள்ளைத் துணிகளுக்கு நடுவே தாள்களைக் காயப்போட்டேன். நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டக்கா கேட்டாள்: "ஏளா, கதையையும் நனைச்சிட்டானா ஒன் மவன்?"

அந்த ஊர்

மை கரைந்த இடங்களை மறுபடி எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை கடிதமே வந்தது. "கதை பிடித்திருக்கிறது. ஆனால் ரயில் 'அந்த ஊரில்' நிற்கிறது, கதாநாயகி 'அந்த ஊரில்' இறங்குகிறாள். எந்த ஊர்? உடனே எழுதாவிட்டால் இந்த இதழில் வராது."

எப்படி எழுதுவேன்? கதையில் வருவது எங்கள் ஊர்தான்; என் வீட்டுக்காரர் பேருக்கு முன்னால் 'தென்' சேர்த்தால் அதுதான் ஊர்ப்பேர். எழுதித் தர அவரும் வீட்டில் இல்லை, புனலூர் போயிருந்தார். அவர் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, எழுதத் தெரியாது. எழுதினால் தப்பில்லையே என்று அத்தையிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "வாயால சொன்னா என்ன, கையால சொன்னா என்ன? புருசன் பேரு புருசன் பேருதாம்ளா!"

பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி மாற்றி நடந்தேன். தபால்காரர் தெருமுனைக்கு வந்துவிட்டார். "ஐயா, உறைமேல் இருக்கும் தபால் முத்திரையைப் பாருங்கள். அதே ஊர்தான்" என்று அவசரமாக எழுதி ஒட்டினேன்.

என் முதல் கதை அச்சேறியது நான் எழுதியதால் அல்ல, அன்றைக்குத் தபால்காரரிடம் இப்படிக் கெஞ்சியதால்தான்: "அண்ணாச்சி, ஆபீஸ்ல சொல்லி முத்திரையை மட்டும் நல்லா அழுத்திக் குத்தச் சொல்லுங்க!"