என்னை விற்கக் கற்றுக்கொண்ட மாதங்கள்

வேலை போன பெண்ணிடம் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதை நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாடி வீட்டு அம்மா ஊறுகாய் போட்டு விற்கச் சொன்னார். என் தம்பி பி.எட். படிக்கச் சொன்னான். என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குஷாய்குடாவில் அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருப்பவருக்கு வேலை போவது என்பது பேப்பரில் படிக்கிற சமாச்சாரம். காலையில் மெட்டுகுடாவில் எங்கள் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும், ஏறிப் போவார். சாயங்காலம் அதே பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பார்த்தது டெஸ்டிங். மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான். ஒருநாள் எங்கள் டீம் மொத்தத்தையும் ஒரு வீடியோ அழைப்பில் கூட்டினார்கள். இனி இதையெல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள், எங்கள் உழைப்புக்கு நன்றி என்றார்கள், அழைப்பைத் துண்டித்தார்கள். நான் கடைசி வரை ம்யூட்டில் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் டெஸ்டிங் கிடையாது என்று. ப்ராடக்ட் மேனேஜர் ஆவது. அதாவது ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும், யாருக்காகச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள். இத்தனை வருடம் எது தப்பு என்று சொன்னவளுக்கு எது சரி என்று சொல்லத் தெரியாதா? இந்த வயதில் ஒரு தடவைதான் இடம் மாற முடியும். மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். அதற்குள் மாறிவிட வேண்டும், இல்லையென்றால் ஊறுகாய்தான்.

வேலை மாறுகிறவர்களுக்கு வழிகாட்டுகிறவர் என்று ஒரு பயிற்சியாளரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். கோயம்புத்தூர்க்காரர், கொண்டாப்பூரில் ஒரு அடுக்குமாடியின் கிளப் ஹாலில் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுத்தார். நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது. வெல்லம் மாதிரிப் பேசுவார்.

"நீங்க ஒரு ஆளு இல்லீங்க மேடம், நீங்க ஒரு பிராண்டு. கடையில சோப்பு எடுக்கறப்ப உறையைப் பாத்துத்தானுங்க எடுக்கறோம்?"

"நான் தேய்ச்சுப் பாத்துத்தான் எடுப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "இதைத்தானுங்க மொதல்ல மாத்தணும்" என்றார்.

முதல் வேலையாக, வேலை தேடுகிறவர்கள் கூடுகிற அந்த இணையதளத்தில் என் பக்கத்திலிருந்து டெஸ்டிங் என்ற சொல்லை ஓர் இடம் விடாமல் எடுக்கச் சொன்னார். டெஸ்டர் என்றால் குறை சொல்கிறவர் என்றுதான் மேலே இருப்பவர்கள் நினைப்பார்களாம். எடுத்தேன். மிச்சம் இருந்தது என் பெயரும் நான் படித்த கல்லூரியும்தான். அந்த இடத்தையெல்லாம் அவர் சொன்ன சொற்களால் நிரப்பினேன். பயனரின் வலியை உணர்பவள் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு என் கணவர், "என் முதுகு வலி மூணு நாளா இருக்கு, அதை உணரலையா நீ?" என்றார்.

அடுத்தது படம். கறுப்புக் கோட்டு போட்டு, ஹைடெக் சிட்டியில் யாருடைய கம்பெனி என்றே தெரியாத ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீட்டில் கணவரிடம் காட்டினேன். இந்த ஊர் உருது அவர் தமிழில் கலந்துவிடும், கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.

"கைக்கு இப்படி நிக்கறே? டீச்சர் வெளிய நிக்க வச்ச மாதிரி இருக்கு."

"தன்னம்பிக்கையாம்."

"நக்கோமா. உன் பழைய ஐடி கார்டு போட்டோவே நல்லா இருந்தது."

அந்தக் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி உப்புமாதான் செய்தேன். அவருக்கு உப்புமா ஆகாது.

தினம் காலையில் ஏதாவது எழுதிப் போட வேண்டும், அதில் ஒரு பாடம் இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளருடைய விதி. நான் பாடம் தேடி அலைந்தேன். மிக்ஸியில் சட்னி அரைத்ததிலிருந்து தலைமைப் பண்பு பற்றி ஒரு பாடம் எழுதினேன். மெட்ரோவில் எனக்கு இடம் கொடுத்த பெரியவரிடமிருந்து வாடிக்கையாளர் சேவை பற்றி ஒரு பாடம். அப்படி ஒரு பெரியவரே கிடையாது, நான் நின்றுகொண்டுதான் வந்தேன். இந்தத் தெலுங்கு ஊரில் வளர்ந்த என் மகளுக்கு நாங்கள் தமிழில் பேசினால் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். "நா ஃப்ரெண்ட்ஸ் சூஸ்துன்னாரு அம்மா, ப்ளீஸ்" என்றாள். அவளுடைய தோழிகள் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும் என்று கத்தினேன். கத்தியது அவளிடம், வெட்கம் எனக்கு.

வகுப்பில் இருந்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. யார் எழுதிப் போட்டாலும் அதன் இணைப்பை அங்கே போட வேண்டும். மற்ற எல்லோரும் சுருக்காகப் போய் அருமை, ஆழமான பார்வை என்று எழுதிவிட்டு வர வேண்டும். அது எங்களுக்குள் மொய் வைக்கிற மாதிரி. நான் வைத்தால்தான் எனக்கு வரும். வேலை போனவர்களுக்கு வேலை போனவர்களே கைதட்டிக்கொண்டிருந்தோம். வேலை கொடுக்கிறவர் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தக் குழுவில் எனக்குப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு. திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். புரோகிராம் எழுதுகிறவர். நான் வேலை இழந்த அதே மாதம் இழந்தவர், அவருக்கும் ப்ராடக்ட் மேனேஜர் கனவுதான். வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவார். நான் கொண்டுபோகும் புளியோதரையில் பாதி அவருக்குப் போகும். "எக்கா, ஒங்க கை ருசியப் பத்தி ஒரு போஸ்ட் போடட்டா?" என்பார். மனம் விட்டுச் சிரித்தது அந்த மாதங்களில் அவரோடு மட்டும்தான்.

அப்போதுதான் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் ப்ராடக்ட் மேனேஜர் இடம் காலியானது. பயிற்சியாளர் எங்கள் எல்லோரையும் உசுப்பிவிட்டார். அவர்களுடைய செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள், அதைப் பற்றி ஒரு நல்ல பதிவு போடுங்கள், அங்கே தலைவராக இருப்பவரின் கண்ணில் படட்டும் என்றார். நான் என் கணவரின் ரத்த அழுத்த மாத்திரைக்கு அதில் ஆர்டர் போட உட்கார்ந்தேன். புகழ்ந்து எழுத வேண்டும் என்று சத்தியமாக மனதில் தயாராக இருந்தேன்.

பணம் கட்டுகிற இடம் வரைக்கும் போனேன். எப்போதோ ஒரு தடவை வாங்கியபோது கொடுத்த பழைய முகவரி இருந்தது, திரும்பிப் போய் மாற்றிவிட்டு வந்தேன். மாத்திரையின் பெயர் அப்படியே இருந்தது. மில்லிகிராம் மட்டும் இரண்டு மடங்காகியிருந்தது. நானாக மாற்றவில்லை. மறுபடி செய்து பார்த்தேன், மறுபடியும் அப்படியே. வேறு ஃபோனில் பார்த்தேன், அதிலும் அப்படியே. கவனிக்காமல் பணம் கட்டுகிறவர் வீட்டுக்கு எந்த மாத்திரை போகும்? நினைக்கவே பயமாக இருந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் பழைய டீமில் ஒரு வழக்கம் உண்டு. மென்பொருள் வெளியே போவதற்குள் பெரிய பிழையைப் பிடிக்கிறவருக்கு அன்றைக்குப் பிரியாணி. பிழையை எழுதிய ஆளே முன்னால் நின்று பரிமாற வேண்டும். யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன், முட்டாள். எதை அழுத்தினால் என்ன வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும், யாருக்கு ஆபத்து என்று வரிசையாக, அலுவலகத்தில் எழுதுகிற மாதிரியே எழுதி, அந்தத் தலைவரின் பெயரையும் சேர்த்து எல்லோரும் பார்க்கப் போட்டேன். அதில் பாடம் எதுவும் இல்லை. நான் போட்டதிலேயே உண்மையான பதிவு அது ஒன்றுதான்.

அது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. யார் யாரோ தங்களுக்கும் அப்படி நடந்தது என்று எழுதினார்கள். முதல் ஆளாக வந்து "எக்கா, வேற லெவல்" என்று எழுதியவர் திருநெல்வேலிக்காரர்தான். மத்தியானம் பயிற்சியாளர் ஃபோன் செய்தார்.

"என்னங்க மேடம் இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க? பொண்ணு பாக்கப் போன எடத்துல சொவத்துல விரிசல் இருக்குதுன்னு சொல்லுவீங்களா?"

"விரிசல் இருந்தா சொல்ல மாட்டாங்களா?"

"தனியாச் சொல்லோணுங்க. காதோட காதா."

சாயங்காலம் பார்த்தபோது எங்கள் குழுவினர் எழுதிய பாராட்டுகளைக் காணோம். ஒவ்வொருவராக வந்து அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களும் அந்த வேலைக்கு மனுப் போட்டவர்கள்தானே. திருநெல்வேலிக்காரரின் வரியும் இல்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஆனாலும் அந்த மருந்துக் கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. மெட்ரோவில் போகும்போது கோட்டு கசங்காமல் இருக்க வழியெல்லாம் நின்றுகொண்டே போனேன். அந்தத் தலைவர் மரியாதையாகப் பேசினார். பிழையை அன்றைக்கே சரிசெய்துவிட்டோம், அதை நீங்களே எழுதிப் போட்டால் நன்றாக இருக்கும் என்றார். நான் பழக்கதோஷத்தில் அங்கேயே ஃபோனை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன வழி சரியாகியிருந்தது. ஆனால் பழைய ஆர்டரையே திரும்ப அனுப்பச் சொல்லும்போது, வேறொரு வழியாக, அதே பிழை உட்கார்ந்திருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். இதையும் சரிசெய்யுங்கள், உடனே எழுதுகிறேன் என்றேன்.

அவர் திரையைப் பார்த்துவிட்டு ஃபோனை என் பக்கமே நகர்த்தினார். "நீங்கள் ரொம்ப நல்ல டெஸ்டர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். திருநெல்வேலிக்காரர் ஒரு பதிவு போட்டார். ஒரு நல்ல கம்பெனி எப்படித் தவறை ஒப்புக்கொள்கிறது, எவ்வளவு வேகமாகத் திருத்திக்கொள்கிறது, நாம் கற்க வேண்டியது என்ன என்று அழகாக எழுதியிருந்தார். பிழையைச் சுட்டிக்காட்டியது ஒரு பயனர் என்று இருந்தது. அந்தப் பயனர் நான். என் புளியோதரையைத் தின்ற வாய்க்கு என் பெயர் வரவில்லை. வேலை அவருக்குக் கிடைத்தது. குழுவில் பயிற்சியாளர் கைதட்டும் பொம்மைகளாகப் போட்டு, எல்லோரும் போய் வாழ்த்துங்கள் என்றார். மொய்யை நிறுத்த முடியுமா, நானும் போய் வாழ்த்தினேன்.

சேர்ந்து கொஞ்ச நாளில் அவரே ஃபோன் செய்தார். நலம் விசாரித்தார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"எக்கா, அன்னைக்கு நீங்க எங்க ஸார்ட்ட ரெண்டாவதா ஒரு வழி காட்டுனீங்களாமே. ஸாருக்கு சரியா ஞாபகம் இல்ல. நாங்களும் தேடிப் பாத்துட்டோம், சிக்க மாட்டேங்கு. என்னன்னு சொல்லுதீங்களா?"

அதுவரைக்கும் அது சரிசெய்யப்படாமலே இருந்திருக்கிறது. நான் அவரைக் கேட்பதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பேன். நன்றி கெட்ட ஜென்மம் என்பதில் தொடங்கி வரிசையாக இருந்தது. யார் வீட்டிலோ யாரோ தண்ணீர் டம்ளரோடு அந்த மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புதான் முன்னால் வந்து நின்றது. சொன்னேன். எங்கே அழுத்த வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எந்த ஃபோனில் சீக்கிரம் வரும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் அவர் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"ஆமாக்கா, வந்துட்டு" என்றார். ஃபோனை வைக்கவில்லை. "எக்கா, தப்பா நெனைக்காதீங்க. என் டீம்ல ஒரு டெஸ்டர் எடம் இருக்கு. கான்ட்ராக்ட்தான். என்ட்டதான் ரிப்போர்ட் பண்ணணும். ஒங்கள விட்டா இதுக்கு யாரு இருக்கா?"

மகள் உள்ளறையில் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் சைகையால் யார் என்று கேட்டார். இணையதளத்தில் என் பக்கத்தில் டெஸ்டிங் என்ற சொல்லை மறுபடி போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

என்றைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டேன்.