பச்சை இன்ஜினுக்குத் தண்ணீர்

லேத்காரருக்கு வாய் சும்மா இருக்காது. பேசுவதெல்லாம் இன்ஜினைப் பற்றித்தான். பம்பு தொழிற்சாலையில் பகல் முழுக்க இரும்பு கடைந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டிலும் உட்கார்ந்து பித்தளை கடைவார். முப்பது வருஷத்தில் பதினோரு குட்டி நீராவி இன்ஜின்கள் கண்ணாடி அலமாரியில் சேர்ந்துவிட்டன. சிலது வாங்கியது, சிலது செய்தது. முதன்முதலாகச் செய்த பச்சை இன்ஜினுக்குப் புகைபோக்கி கொஞ்சம் கோணல். அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் தண்டவாளம் போடுவார். சக்கரம் துடைப்பது, எண்ணெய் விடுவது, கொதிகலனுக்கு அடியில் எரிகிற விளக்கில் ஸ்பிரிட் நிரப்புவது எல்லாம் அவர் பாடு. தண்ணீர் மட்டும் மனைவி பொறுப்பு. கொதிகலனின் வாய் சட்டைப் பொத்தான் அளவுதான். அவருடைய தடித்த விரல்கள் எப்போதும் பாதியைச் சிந்திவிடும். அவள் நர்ஸ். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, ஒரு சொட்டு வெளியே போகாமல் ஏற்றுவாள்.

"தண்ணி ஆச்சா?"

"ஆச்சு. உங்க செல்லப் பிள்ளைக்கு வயிறு நெறஞ்சுது. எனக்குத்தான் இன்னும் காப்பி வரல."

அதற்குப் பிறகுதான் தீக்குச்சியைக் கிழிப்பார். ஒருநாளும் முறை மாறியதில்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போனவள் திரும்பி வரவில்லை. எட்டு மாதமாக அலமாரி போர்வைக்குள் கிடந்தது. லேத்காரரின் பேச்சும் அதோடு போயிற்று. மகள்தான் விடவில்லை.

"அந்தப் பச்சையை மட்டுமாவது ஓட்டுங்கப்பா. அம்மா இருந்தா திட்டியிருப்பாங்க."

"அவ இல்லாம ஓடுமான்னு பயமா இருக்கும்மா."

தொழிற்சாலையில் கிரேனுக்கு அடியில் கண் இமைக்காமல் நின்றவர், ஒரு முழ நீள இன்ஜினுக்குப் பயந்தார். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு வீட்டில் யாரும் செத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்டவாளம் போட்டார். சக்கரம் துடைத்தார். எண்ணெய் விட்டார். ஸ்பிரிட் நிரப்பினார். தீப்பெட்டியைக் கையில் எடுத்தபடி, தலை நிமிராமலே கேட்டார்.

"தண்ணி ஆச்சா?"

மாடியின் மறுகோடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மகள் காதில் அது விழவில்லை. அவர் வழக்கமான நேரம் காத்திருந்தார். பிறகு பற்றவைத்தார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. ஆவி கிளம்பவில்லை. பச்சைப் பெயிண்ட் கொப்பளித்துக் கருகியது. அந்தக் காலத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டிய கொதிகலன். மூட்டு உருகிச் சக்கரங்களுக்கு நடுவே சொட்டியது. கருகல் நாற்றம் வந்து மகள் ஓடிவந்து விளக்கை அணைத்தாள்.

"தண்ணியே ஊத்தலையாப்பா?"

"கேட்டேனேம்மா," என்றார். "ஆச்சுன்னு அம்மா சொன்ன மாதிரிதான் இருந்துது."

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் கல்லாக நின்று "போயிட்டா" என்று சொன்ன மனிதர், சூடு ஆறாத இன்ஜினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.