பின்கதவின் கீச்சொலி

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் அத்தா பழைய கார் ஒன்று வாங்கினார்; அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். ராஜபாளையத்தில் துணிக்கடை வைத்திருந்த அவருக்கு அந்த வண்டி பெருமை, எனக்கோ பயம். சாலையில் சிறு பள்ளம் வந்தாலும் இடது பின்கதவு கீச் கீச்சென்று கத்தும். அந்தக் கதவோரம்தான் என் இடம். கதவு கழன்று விழும், கூடவே நானும் போவேன் என்று நம்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வருவேன்.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கதவுக்கு ஒண்ணுமில்ல பாய். சுத்தி இருக்க ரப்பர் காஞ்சுபோய் பெயிண்டுல உரசுது. அழுக்கைத் தொடச்சுட்டு இந்த சிலிகான் கிரீசை லேசா தடவுங்க. எண்ணெய் கிண்ணெய் போட்டுறாதிய, ரப்பர் ஊதிரும்."

அத்தா டப்பாவை வாங்கி வண்டிக்குள் போட்டார். அதோடு மறந்தும் போனார்.

அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று அம்மா சொன்ன அன்று, மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் கதவு கத்தியது. அம்மா வயிற்றையும் அத்தா ஸ்டீயரிங்கையும் இறுகப் பிடித்திருந்தார்கள். அவர்களும் கதவுக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

"செத்த நேரம் வெளிய இருங்க" என்று நர்ஸ் அம்மாவை உள்ளே கூட்டிப் போனார். அத்தா நேரே வண்டிக்கு வந்தார். கைக்குட்டையை நனைத்து, பின்கதவு ரப்பரை மூலை மூலையாகத் துடைத்தார். ஈரம் உலரும்வரை நின்றார். பிறகு விரல் நுனியில் கிரீசைத் தொட்டு, புண்ணுக்கு மருந்திடுவதுபோலத் தடவினார். கதவை மூடித் திறந்து பார்த்துவிட்டு முன்கதவுக்குப் போனார்.

"அது கத்தலையே அத்தா?"

"கத்தாட்டி என்னம்மா? அதுக்கும் போட்டு வைப்போம்."

அம்மா உள்ளே தனியாகக் கிடக்க, இவர் வண்டியைக் கொஞ்சுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான்கு கதவையும் முடித்துவிட்டு மறுபடி முதல் கதவுக்கே வந்தார். அப்போது நர்ஸ் வாசலில் நின்று கூப்பிட்டார். கிரீஸ் கையோடு ஓடினார்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து தம்பியை எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வாரம் இருந்துவிட்டு, அம்மா மடியில் வீட்டுக்கு வந்தான். வண்டியில் துளிச் சத்தம் இல்லை. வழி முழுக்கத் தூங்கினான்.

"ஆஸ்பத்திரி வாசல்லகூட அத்தா காரைத்தான் தொடச்சிட்டிருந்தாவ" என்று, பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் புகார் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.