கேட்காமல் எழுதிய பெயர்

இது நடந்து நாற்பது வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் அப்போது குடியிருந்தோம். நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்ததாக வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேரம் கிடைத்தபோது படித்தேன்.

இப்போது விரலால் ஒரு தட்டுத் தட்டினால் பாட்டு வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் பாட்டு ரசிகன் என்றால் அதற்கு உழைக்க வேண்டும். வானொலியில் நேயர் விருப்பம் நடக்கும். பிடித்த பாட்டையும் அதை விரும்பிக் கேட்பவர்களின் பெயர்களையும் தபாலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அட்டை தெரிவானால் அறிவிப்பாளர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். வானொலிக்கு முன்னால் டேப் ரெக்கோடரை வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அதைப் பதிவு செய்வேன். எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ரயில் பாதை. என் கசெட்டுகளில் பாதிப் பாட்டுகளில் சரணத்துக்கு நடுவே பாணந்துறை ரயில் போகும். இன்றைக்கு அதே பாட்டை ரயில் இல்லாமல் கேட்டால் எனக்கு ஏதோ குறைந்த மாதிரித்தான் இருக்கிறது.

தபாலட்டை எழுதுவதில் கொழும்பிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் எண்ணம். அது அவ்வளவு பிழையான எண்ணமும் அல்ல. கறுப்பு மையில் கொட்டை எழுத்து, பாட்டின் முதல் வரிக்கு அடியில் சிவப்புக் கோடு, நான்கு பெயர்களுக்கு மேல் இல்லை. வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் என் தலையைக் கண்டதுமே அங்கிருந்தவர், "ஆயெத் தஹயக்த மல்லி?" என்று சிங்களத்தில் கேட்பார். இன்றைக்கும் பத்தா தம்பி என்று கேட்கிறார். பத்துத்தான் வாங்குவேன்.

ஆனால் பத்து அட்டையிலும் என் பெயரையே எழுத முடியாது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. ஆகவே ஒழுங்கையில் உள்ளவர்களின் பெயர்களையெல்லாம் எடுத்து எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கடைசி வீட்டுச் சிங்கள அன்ரி, எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் என் உபயத்தில் நேயர்கள் ஆனார்கள். எந்த அட்டையில் எந்தப் பாட்டு, யார் யார் பெயர், வாசித்தார்களா இல்லையா என்பதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். வாசிக்கப்பட்டதற்கு ஒரு சரி போடுவேன்.

முன்வீட்டு அங்கிள் ஓர் அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞர். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒருமுறை அவர் பெயரை ஒரு பழைய பக்திப் பாட்டுக்கு எழுதினேன். அது வாசிக்கப்பட்டுவிட்டது. அன்று மாலை அவர் வெள்ளை வேட்டியோடு கேற்றடியில் வந்து நின்று, போகிற வருகிறவர்களிடம், "சும்மா ஒரு காட் போட்டனான், உடன வாசிச்சிட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எங்கள் வீட்டு யன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு மாதம்தான் நிலைத்தது.

அங்கிளுக்கு ஒரே மகள். என் வயதுதான். பம்பலப்பிட்டியில் ஒரு தட்டச்சு வகுப்பில் ரைப்பிங் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று வாரத்தில் சோதனை. பாஸ் பண்ணினால் கோட்டையில் ஒரு கம்பனியில் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவருடைய பெயர் வாசிக்க அழகான பெயர். அறிவிப்பாளரின் வாய்க்கு நன்றாக வரும் என்று தோன்றியது, எழுதினேன். அவ்வளவுதான். காதல் கீதல் எதுவும் இல்லை, எனக்கிருந்த காதல் முழுக்க வானொலிமேல்தான். அட்டையில் ஒரு பெயர் மட்டும் தனியாக நின்றது. அதற்குப் பக்கத்தில் வாயில் வந்த ஓர் ஆண் பெயரை எழுதினேன். ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும் சாதாரணப் பெயர். பாட்டு, பிரிந்துபோன காதலர்கள் அழுதுகொண்டு பாடும் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது வாசிக்கப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அந்த நேரம் வானொலி போகும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் பாட்டில் ஒரு சொல்லும் விடுபடாது. நான் கொப்பியில் சரி போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

புதன்கிழமை என் தங்கச்சிதான் செய்தி கொண்டுவந்தாள். "முன்வீட்டு அக்காவ இனி ரைப்பிங்குக்கு விடமாட்டினமாம். ரேடியோவில அவவின்ட பேரோட ஒரு பெடியன்ட பேரும் வந்ததாம். அங்கிள் வகுப்பில போய் விசாரிச்சவராம். அங்க அந்தப் பேரில ஒராள் உண்மையா இருக்கிறானாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானாக எழுதிய ஒரு பெயருக்கு ரைப்பிங் வகுப்பில் ஓர் ஆள் இருந்து தொலைத்துவிட்டான். அந்தப் பிள்ளை தனக்கு ஒன்றும் தெரியாது என்று அழுகிறது, வீட்டில் நம்பவில்லை. மூன்று வாரத்தில் சோதனை. பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிடலாமா என்று முதலில் பார்த்தேன். பாதி எழுதிக் கிழித்தேன். ஊர் பேர் இல்லாத கடிதத்தை அங்கிள் அந்தப் பெடியனின் வேலை என்றுதான் சொல்வார். கடைசியில் கொப்பியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன்.

கேற்றைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, அதே கொப்பியில் அங்கிளின் பக்திப் பாட்டும் இருக்கிறது. திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"அங்கிள், அந்த ரேடியோக் காட் எழுதினது நான்தான். அவவுக்கு ஒண்டும் தெரியாது. பெடியன்ட பேர் நான் சும்மா எழுதினது. அப்பிடி ஒராளில்ல" என்றேன்.

"அப்பிடி ஒராள் இருக்கிறான் தம்பி. நான் பாத்திட்டு வந்தனான்" என்றார் அவர்.

நான் என்ன சொன்னாலும் ஏறவில்லை. அந்தப் பெடியன்தான் என்னை அனுப்பியிருக்கிறான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் கொப்பியை நீட்டினேன். கடைசிப் பக்கத்தைத் திறந்துதான் நீட்டினேன். ஆனால் முப்பது வருடம் கந்தோரில் கோப்புப் பார்த்த மனிதர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பாரா? கதிரையில் அமர்ந்து, கண்ணாடியைப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். பக்கம் புரளப் புரள அவர் முகம் கொஞ்சம் இளகுவதுபோல் இருந்தது. பிறகு ஒரு பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. எனக்கு அது எந்தப் பக்கம் என்று பார்க்காமலே தெரியும்.

"இதுவும் நீரோ அனுப்பினது?" என்று மிக மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அங்கிள்."

குசினி வாசலில் நின்ற அங்கிளின் மனைவி, முன்வீட்டு அன்ரிக்குக் காது நல்ல கூர்மை. "என்னது? அப்ப அந்தக் காட் நீங்கள் போட்டதில்லையோ?" என்றார்.

அங்கிள் கொப்பியை மூடி மடியில் வைத்தார். நான் சொல்வது பொய் என்று வைத்துக்கொண்டால் வேட்டியோடு கேற்றடியில் நின்ற பெருமை அவருக்கு மிஞ்சும். மெய் என்று ஏற்றால் மகள் தப்புவாள், ஆனால் மனைவிக்கு முன்னால், ஒரு பெடியனுக்கு முன்னால் அவருக்கு வெட்கக்கேடு. அவர் எதை எடுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, நாளைக்கு வகுப்புக்குப் போ. நானும் வாறன். அந்தப் பெடியனட்ட நான் ஒரு சொல்லுச் சொல்ல வேணும். அதுவும் பாவம், நான் நல்லா முறைச்சிட்டு வந்திட்டன்."

அன்றைக்கு அந்த மனிதர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அவர் என்னை ஏசவும் இல்லை. கொப்பியைத் திருப்பித் தந்தார். ஆனால் நான் கேற்றைத் தாண்டும்போது அவருடைய மகள் பின்னால் வந்தார். கண் வீங்கியிருந்தது.

"என்ட பேரை என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்டேன் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு நான் அட்டை எழுதுவதை விட்டுவிடவில்லை. விட்டால் அது நானல்ல. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதத் தொடங்கினேன். கேட்கப் போனபிறகுதான் எனக்கு ஒழுங்கையே தெரியவந்தது. அந்த ஓய்வுபெற்ற மனிதருக்கு நான் எழுதி வந்த சோகப் பாட்டுகள் பிடிக்காது, அவருக்குத் தேவை கும்மாளப் பாட்டு. சிங்கள அன்ரிக்கு ஒரு சொல்லும் விளங்காத ஒரு தமிழ்த் தாலாட்டுத்தான் வேண்டும், அதன் மெட்டை அவர் அழகாக முணுமுணுத்துக் காட்டினார். இவ்வளவு நாளும் இவர்களுடைய பெயரை வைத்துக்கொண்டு என் பாட்டைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

அங்கிளின் மகள் சோதனை பாஸ் பண்ணி வேலைக்கும் போனார். அடுத்த வருடம் அவர்களுடைய வீட்டு ஒப்பந்தம் முடிந்து, கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறினார்கள். லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்து, "நானும் ஒரு காட் போடப் போறன். உங்கட பேரையும் எழுதட்டோ? கேட்டுட்டுத்தான் எழுதுவன்" என்று சிரித்தார். எனக்குப் பழைய பயம். "பேர் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு. வழக்கம்போல என் அட்டைக்காக டேப் ரெக்கோடரோடு காத்திருந்தேன். அறிவிப்பாளர் கொட்டாஞ்சேனை என்றதும் காது நிமிர்ந்தது. அங்கிளின் பெயர் வந்தது, அன்ரியின் பெயர் வந்தது, மகளின் பெயர் வந்தது. கடைசியாக, "மற்றும் வெள்ளவத்தையில் வசிக்கும் முன்வீட்டு அண்ணா" என்று வாசித்தார். அங்கிளுடைய அதே பக்திப் பாட்டு.

அந்தக் கசெட் இன்றும் என்னிடம் இருக்கிறது, இரண்டாவது சரணத்தில் ரயிலும் போகிறது. கைத்தொலைபேசியில் இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது, எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த வருடங்களில் வானொலியில் எத்தனையோ தரம் வந்த என் பெயரெல்லாம் நானே எழுதிப் போட்டது, எனக்கென்று இன்னொருவர் எழுதி வந்தது பெயரில்லாத அந்த ஒரேயொரு தரம்தான்.