ஸ்டாப் பொத்தானை மறைத்த மஞ்சள் பெட்டி

இராமேஸ்வரத்து ஐஸ் கம்பெனியில் ஐஸ் நொறுக்கும் மிஷின் என் பொறுப்பு. பழைய சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு டச் ஸ்கிரீன் வைத்தபோது பயந்துபோனேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு; திரையில் எல்லாம் இங்கிலீஷ். கேட்கக் கூச்சம். அழுத்திப் பார்த்தே ஸ்டாப் பொத்தான் எதுவென்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் கண்ணாடிமேல் என் மனைவியின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். பிறகு திரையைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் பெரிய கட்டி சிக்கியது. சைரன் அலற, திரையில் ஸ்டாப் பொத்தானை மறைத்துக்கொண்டு மஞ்சள் பெட்டி ஒன்று திறந்தது. பொட்டை அழுத்தினேன். சைரன் அடங்கி, பெட்டி மறைந்தது. மிஷின் மட்டும் ஓடியது. அதற்குள் கட்டி உடைந்துவிட்டது. மறுபடி அழுத்த, மிஷின் நின்றது. முதலாளியிடம் சொல்லலாமா என்று மூன்று நாள் தவித்தேன். பொட்டு ஒட்டியதற்குத் திட்டுவாரோ என்று சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை. ஐஸ் ஏற்றப் படகுக்காரர்கள் காத்து நின்றார்கள். கட்டிகளைத் தள்ளும் முனியசாமி, குளிருக்காகக் கையில் துண்டைச் சுற்றியிருந்தான். துண்டின் நுனியை மிஷினின் செயின் இழுத்துக்கொண்டது.

"மாப்ளே, நிப்பாட்டுலே! கை போகுது!"

பொட்டை அழுத்தினேன். பெட்டி மறைந்து உடனே திரும்ப வந்தது. அழுத்த அழுத்த வந்தது. மிஷின் நிற்கவில்லை. சுவரிலிருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடி இழுத்தேன். அவன் மணிக்கட்டுத் தோல் உரிந்திருந்தது. எலும்பு தப்பியது.

"பொட்டு வச்சு ஓட்ட இது என்ன கோயிலா?" என்றார் முதலாளி.

மறுநாள் வந்த திரைக் கம்பெனி இன்ஜினியர் திரையைப் பார்த்தார். "அண்ணே, நீங்க அழுத்துனது சைரனை அமத்துற பொத்தான். பெட்டி மேல வந்துட்டா அடியில இருக்க ஸ்டாப் வேலை செய்யாது."

"மிஷின் சிக்குனாத்தான சார் பெட்டி வருது? அப்பத்தான சார் ஸ்டாப்பும் வேணும்?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தப்பு எங்க மேலதாண்ணே" என்றவர், பெட்டியை மூலைக்குத் தள்ளி, எது திறந்தாலும் ஸ்டாப் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி மாற்றினார்.

"சரியாண்ணே?"

"பெட்டிய வரவச்சுக் காட்டுங்க சார்."

மூன்று தடவை வரவைத்தார். மூன்று தடவையும் அழுத்தினேன், மிஷின் நின்றது. பொட்டை உரித்தெடுத்தேன்.

இப்போதும் தினமும் காலையில் பெட்டியை வரவைத்துப் பார்த்த பிறகே மிஷினை ஓட்டுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: திரையில் ஒன்றை இன்னொன்று மறைப்பதைப் பார்த்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நடந்ததையெல்லாம் நான் சொன்ன அன்று, கட்டுப்போட்ட கையோடு முனியசாமி என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"மூணு நாளாத் தெரியுமாலே ஒனக்கு?"