பகலில் வந்த நித்திரை

என் கணவர் மௌத்தாகி மூன்றாம் நாள், எட்டாந்தரப் பிள்ளைகளின் விடைத்தாள்களை எடுத்துவைத்துத் திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருடங்களாக அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். அதற்கு முன்னும் பின்னும் மருந்து, உப்பில்லாத சமையல், அளந்து கொடுக்கும் தண்ணீர். அவர் போன பிறகும் என் கைகால்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா, எனக்குச் சிறை போலத் தோன்றியது. அலுமாரியைக் கொட்டி அடுக்கினேன். கழுவிய சட்டிகளையே திரும்பவும் கழுவினேன். துணைக்கு வந்து தங்கியிருந்த என் மூத்த சகோதரி, ராத்தா, இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மதிய லுஹர் தொழுத கையோடு நான் விளக்குமாற்றை எடுத்தபோது அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"கூட்டினது காணும் புள்ள. கொஞ்சம் படு."

"பகல்ல படுத்து எனக்குப் பழக்கமில்ல ராத்தா."

"கண்ண மூடாட்டியும் பரவால்ல. முதுக நீட்டு."

சண்டை பிடிக்கத் தெம்பில்லாமல் பாயில் சாய்ந்தேன். எப்போது உறங்கினேனோ தெரியாது. பின்னேரத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டுப் பதறி எழுந்தேன்.

"ராத்தா, மருந்து குடுக்கிற நேரம் போயிட்டே!"

கத்திக்கொண்டே அவருடைய அறைக்கு ஓடினேன். கட்டிலில் மெத்தை இல்லை. வெறும் பலகை.

ராத்தா பின்னால் வந்து நின்றார்.

"மருந்து குடிக்க ஆள் இல்ல புள்ள."

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று அழாத நான், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ராத்தா தடுக்கவில்லை. பொழுது சாயும் மஃரிபு வரை பக்கத்திலேயே இருந்தார்.

அதன்பின் தினமும் பகலில் படுத்தேன். சில நாள் நித்திரை வந்தது. சில நாள் சும்மா கிடந்தேன். அப்போதுதான் நோய்க்கு முந்திய அவர் கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வந்தார். சம்மாந்துறை வயலுக்கு மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிப் போகையில் காற்றையும் மீறிச் சத்தம் போட்டுக் கதைப்பார். பாதி விளங்காது; ஆனாலும் "ஓம், ஓம்" என்பேன். இரண்டு வருடமாக இதையெல்லாம் நினைக்க எனக்கு நேரமே இருக்கவில்லை.

இத்தா முடிந்து பள்ளிக்கூடம் போன அன்று, அதிபர் பின்னேர வகுப்புப் பட்டியலில் என் பெயரைக் காட்டினார்.

"வேலை இருந்தா மனசு லேசாகும் டீச்சர்."

நல்ல மனதோடுதான் சொன்னார்.

"இந்தத் தவணை ஏலாது சேர். பின்னேரம் நான் படுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து என் பெயரை வெட்டினார்.